இயற்பியல், மின்சுற்று, நுண்கணித ஹோம்வொர்க்: ஒரு பருவம் முழுக்க நான் வாங்கிப் பார்த்த உதவிகள்

ஒரே பருவத்தில் இயற்பியல், மின்சுற்று, நுண்கணிதம் மூன்றும் சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு ஹோம்வொர்க், ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துக் கணக்குகள். வகுப்பில் உட்கார்ந்து கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரி எழுத வேண்டிய இடத்தில்தான் எதுவுமே ஓடாது. அந்த நான்கு மாதத்தில் கண்ணில் பட்ட உதவி எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன்: விடை தரும் சந்தாச் சேவை, மணிக்கணக்கில் காசு வாங்கும் ஆன்லைன் டியூட்டர்கள், இலவச சிமுலேட்டர்கள், கணக்குப் போட்டுத் தரும் இணையக் கருவிகள், ஏஐ சாட்பாட். இதே மூன்று பாடங்களோடு இப்போது திண்டாடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்கள் காசையும் இரவுத் தூக்கத்தையும் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால்தான் அளந்தேன். உதவி வாங்கிப் போட்ட கணக்கை இரண்டு நாள் கழித்து வெறும் தாளில், எதையும் பார்க்காமல், நானே போட முடிந்ததா? முடிந்தால் நல்ல உதவி. முடியாவிட்டால் எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் அது எனக்கு உதவி இல்லை.

முதலில் வீணாய்ப் போன காசு. கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் வழிமுறையோடு முழு விடையும் வந்துவிடும் என்று சொல்லும் சேவைகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். அதில் கேட்ட ஒரு மின்சுற்றுக் கணக்கை இங்கே முழுதாகவே சொல்கிறேன், பின்னாலும் இதற்கே திரும்பி வருவேன். மூன்று கிளைகள், மேலே ஒரு முனையிலும் கீழே ஒரு முனையிலும் சேர்கின்றன. இடது கிளையில் 10 வோல்ட் மின்கலமும் 2 ஓம் மின்தடையும். வலது கிளையில் 4 வோல்ட் மின்கலமும் 2 ஓம் மின்தடையும். நடுக் கிளையில் வெறும் 4 ஓம் மின்தடை. இரண்டு மின்கலங்களுக்கும் நேர்முனை மேல்பக்கம். ஒவ்வொரு கிளையிலும் மின்னோட்டம் எவ்வளவு, எந்தத் திசையில்?

வந்த விடை: இடதில் 2.2 ஆம்பியர் மேல்நோக்கி, வலதில் 0.8 ஆம்பியர் மேல்நோக்கி, நடுவில் 1.4 ஆம்பியர் கீழ்நோக்கி. பத்து வரிச் சமன்பாடுகள், பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். திருத்தி வந்த தாளில் மேல்முனையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் மட்டும் இருந்தது. 2.2-ம் 0.8-ம் அந்த முனைக்குள் வந்தால் 3 ஆம்பியர் வெளியே போயாக வேண்டும், 1.4 மட்டும் போனால் மீதி எங்கே? ஒரு முனைக்குள் வருவதும் அதிலிருந்து போவதும் சமம் என்பதுதான் கிர்க்காஃபின் முதல் விதி, அந்த வாரப் பாடமே அதுதான். விடை எழுதியவர் எங்கோ ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டார். தப்பு யாருக்கும் வரும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து வரியையும் நான் படித்தேன், ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினேன், கடைசியில் மூன்று எண்களையும் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தச் சேவையில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நீ எதுவரை போட்டாய், எங்கே நின்றாய் என்ற ஒரு கேள்வி கிடையாது. இரண்டு நாள் சோதனையில் அங்கே வாங்கிய கணக்குகளில் பாதிக்கு மேல் முதல் வரியே வரவில்லை. ஒரு மாதத்தோடு நிறுத்திவிட்டேன், திரும்பப் போகமாட்டேன். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: அப்படி வாங்கிய விடையைச் சொந்த வேலையாகக் கொடுப்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதிப்படி மோசடிக் கணக்கில்தான் வரும், நான் அதை யோசிக்காமலேயே செய்துவிட்டேன், நீங்கள் யோசியுங்கள்.

அடுத்து டியூட்டர்கள். இரண்டு பேரிடம் போனேன், இரண்டும் இரண்டு துருவம்.

முதலாமவர் பயங்கரக் கெட்டிக்காரர். கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் எழுதத் தொடங்கிவிடுவார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது கணக்கு, அழைப்பு முடியும்போது எனக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்பதில் இரண்டுதான் நின்றது. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அந்த ஒரு மணி நேரத்தில் பேனா என் கையில் ஒரு நிமிடம்கூட இல்லை. சந்தாச் சேவை செய்ததையேதான் இவரும் செய்தார், குரலோடு செய்தார், அவ்வளவே.

இரண்டாவதாகக் கிடைத்த மேடத்திடம் அந்த இரண்டு மின்கலக் கணக்கையே கொண்டுபோனேன். அவர் முதலில் சொன்னது, "விடையை மூடி வையுங்க, படத்தை நீங்களே வரைங்க." வரைந்தேன். "இப்ப மூணு கிளைக்கும் அம்புக்குறி போடுங்க, எந்தத் திசையா இருந்தாலும் பரவாயில்ல." அதுதான் எனக்குப் பிடிபடாத இடம். திசை தெரிந்தால்தானே அம்பு போட முடியும், திசையைத்தானே கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் விளக்கம் சொல்லவில்லை, உங்களுக்குத் தோன்றுகிற பக்கம் போடுங்கள், தப்பாக இருந்தால் கணக்கே சொல்லும் என்றார். மூன்றுக்கும் போட்டேன். கீழ்முனையைப் பூஜ்யமாக வைத்து மேல்முனையின் மின்னழுத்தத்தைக் கேட்டார், தடவித் தடவி 5.6 வோல்ட் வந்தது. இடது கிளையில் 10-லிருந்து 5.6 போக 4.4, அதை 2 ஓமால் வகுத்தால் 2.2 ஆம்பியர். வலது கிளையில் 4-லிருந்து 5.6 போனால் கழித்தல் 1.6, வகுத்தால் கழித்தல் 0.8. நான் உடனே அழிக்கப் போனேன். "ஏன் அழிக்கிறீங்க? கழித்தல் வந்தா என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லுங்க" என்று நிறுத்திவிட்டு அவர் பேசாமல் இருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். அந்த மௌனத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். என் அம்பு தலைகீழ், வலது கிளையில் மின்னோட்டம் கீழ்நோக்கிப் போகிறது, அதாவது 10 வோல்ட் மின்கலம் 4 வோல்ட் மின்கலத்துக்குள் மின்னோட்டத்தைத் தள்ளிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறது. 2.2 மேலே போகிறது, 0.8-ம் 1.4-ம் கீழே இறங்குகின்றன, முனையில் கூட்டல் சரி.

அதோடு விடவில்லை. திறனையும் கூட்டிப் பார்க்கச் சொன்னார். இடது மின்கலம் கொடுப்பது 10 பெருக்கல் 2.2, அதாவது 22 வாட். மூன்று மின்தடைகளும் வெப்பமாகத் தின்பது முறையே 9.68, 1.28, 7.84, மொத்தம் 18.8 வாட். வலது மின்கலம் சார்ஜாக வாங்கிக்கொள்வது 4 பெருக்கல் 0.8, அதாவது 3.2. 18.8-ம் 3.2-ம் சேர்ந்தால் 22. கணக்கு மூடிவிட்டது. விடைப் புத்தகம் இல்லாமலேயே என் விடை சரி என்று எனக்கே உறுதியாகத் தெரிந்த முதல் கணக்கு அது, அந்தச் சந்தோஷத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கிர்க்காஃப் இந்த விதிகளை 1845-இல் தந்தபோது அவரும் மாணவர்தான், வயது 21. அந்த மேடம்தான் போகிற போக்கில் இதைச் சொன்னார், ஏனோ எனக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.

தனி ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதில் பலன் எவ்வளவு என்பது பழைய கேள்வி. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரையில், தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர் சாதாரண வகுப்பு மாணவர்களைவிட இரண்டு திட்டவிலக்கம் மேலே, அதாவது அவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் தாண்டிப் போனார் என்று சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை, பலன் இருக்கிறது, அந்த அளவுக்கு இல்லை. என் அனுபவத்தில் ஆளுக்கு ஆள்தான் வித்தியாசம். ஆகவே டியூட்டர் எடுப்பதாக இருந்தால் முதல் பத்து நிமிடம் கவனியுங்கள், எழுதுவது யார் என்று. அவர் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். இன்னொன்று, வெறுங்கையோடு போகாதீர்கள். நின்றுபோன கணக்கை நின்ற இடம் வரைக்கும் எழுதி, "இந்த வரிக்கு அப்புறம் தெரியவில்லை" என்று கோடு போட்டுக் கொண்டுபோனால் ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. நான் அப்படிக் கோடு போடப் பழகிய பிறகு பாதிக் கணக்குகள் கோடு போடும்போதே தீர்ந்துபோயின, மேடத்திடம் போகவே இல்லை.

சரி, இலவசத்துக்கு வருவோம். மின்சுற்றுக்கு இரண்டு சிமுலேட்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். ஒன்று ஃபெட், கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது. தொடங்கிய கார்ல் வீமன் அதற்கு முந்தைய ஆண்டுதான் இயற்பியல் நோபல் வாங்கியிருந்தார், வாங்கிய கையோடு இப்படிப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையில் இறங்கியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதில் மின்சுற்றுக் கட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. மின்கலம், கம்பி, பல்பு, மின்தடை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சேர்த்தால் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். ஒரு பொத்தானை மாற்றினால் எலக்ட்ரான் ஓட்டத்துக்குப் பதிலாக மரபு மின்னோட்டத்தின் அம்புகள் வரும், அவை எதிர்த் திசையில் போகும். பெஞ்சமின் ஃபிராங்கிளின் நேர், எதிர் என்று பெயர் வைத்த காலத்தில் எலக்ட்ரான் என்ற ஒன்றே யாருக்கும் தெரியாது, 1897-இல் ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடித்தபோது அதற்கு எதிர் மின்னூட்டம் என்று ஆகிவிட்டது, அதனால்தான் இந்தக் குழப்பம். கணக்குக்கு எந்தத் திசையை எடுத்தாலும் பாதகமில்லை, கடைசிவரை ஒரே திசையை வைத்துக்கொண்டால் போதும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அந்தப் பொத்தானை நாலு தடவை அழுத்திப் பார்த்தபோதுதான் மனசில் நின்றது.

இன்னொன்று ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர், பால் ஃபால்ஸ்டாட் எழுதியது, உலாவியிலேயே ஓடும். தோற்றம் பழசாக இருக்கும், அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள். மஞ்சள் புள்ளிகள் ஓடும், மின்னோட்டம் அதிகமான இடத்தில் வேகமாக ஓடும். நேர் மின்னழுத்தம் உள்ள கம்பி பச்சை, எதிர் என்றால் சிவப்பு, பூஜ்யம் என்றால் சாம்பல். எனக்கு ரொம்ப நாளாக ஒரு தப்பான எண்ணம் இருந்தது. தொடரிணைப்பில் முதல் மின்தடை கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் இல்லை, இயற்பியல் சொல்லிக் கொடுப்பவர்கள் எல்லோரும் மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் எண்ணம் இது. 12 வோல்ட், அதோடு தொடரில் 4 ஓம், அதற்கப்புறம் 6-ம் 3-ம் பக்க இணைப்பில் என்று ஒரு சுற்றைப் போட்டுப் பாருங்கள். 6-ம் 3-ம் சேர்ந்து 2 ஓம், மொத்தம் 6 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்தடைக்கு முன்னாலும் பின்னாலும் புள்ளிகள் ஒரே வேகத்தில்தான் போகும், குறைவதே இல்லை. பிரிகிற இடத்தில் 3 ஓம் பக்கம் 1.33, 6 ஓம் பக்கம் 0.67 என்று இரண்டுக்கு ஒன்றாகப் பிரிந்து, சேருகிற இடத்தில் மறுபடி 2 ஆகிவிடும். இப்போது 6 ஓமைக் கழற்றிவிடுங்கள். மின்னோட்டம் என்ன ஆகும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு அப்புறம் கழற்றுங்கள். 3 ஓம் வழியாக முன்பைவிட அதிகம் ஓடும், மொத்தமோ குறையும், 7 ஓமுக்கு 12 வோல்ட் என்று 1.71-க்கு வந்துவிடும். நான் எழுதி வைத்தது தப்பாகப் போனது, அந்தத் தப்புதான் பாடத்தை உட்கார வைத்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் சிமுலேட்டரும் வேடிக்கைதான், முன்கூட்டி எழுதி வைத்தால்தான் வேலை செய்யும். எல்டிஸ்பைஸ் என்று ஒன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, தொழிலில் இருப்பவர்களே பயன்படுத்துவது, நல்லதுதான், ஆனால் அடிப்படைப் பாட ஹோம்வொர்க்குக்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்று பாடமும் ஒன்றுசேரும் இடம், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கிதான். அதுவரை எனக்கு நுண்கணிதம் ஒரு அலமாரி, மின்சுற்று ஒரு அலமாரி. மின்தடையும் மின்தேக்கியும் தொடரில், மின்கலத்தோடு சேர்த்துச் சுவிட்சைப் போட்டால் மின்தேக்கியின் மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறும் என்ற கணக்கு. நுண்கணிதப் பாடத்தில் மாறிகளைப் பிரித்துத் தொகையிடும் முறை தெரியும், மின்சுற்றுப் பாடத்தில் சூத்திரம் தெரியும், இரண்டும் ஒரே விஷயம் என்று தெரியாது. மேடம் சூத்திரத்தைத் தொடவே விடவில்லை. 10 கிலோ ஓமையும் 100 மைக்ரோ ஃபாரடையும் பெருக்கச் சொன்னார், 1 வந்தது. அலகு என்ன என்றார். ஓம் என்பது வோல்ட் வகுத்தல் ஆம்பியர், ஃபாரட் என்பது கூலும் வகுத்தல் வோல்ட், பெருக்கினால் வோல்ட் அடிபட்டுக் கூலும் வகுத்தல் ஆம்பியர் மிஞ்சும், அது விநாடி. மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கினால் நேரம் வருகிறது! ஒரு விநாடியில் மின்தேக்கி ஏறத்தாழ 63 சதவீதம் நிறையும், ஐந்து விநாடியில் 99-ஐத் தாண்டிவிடும். ஃபால்ஸ்டாட்டில் அதே சுற்றைப் போட்டு அலைக்காட்டியைத் திறந்தால் வளைகோடு மெதுவாகப் படுத்துக்கொண்டே போவது தெரியும். ஏன் படுக்கிறது? நிறைய நிறைய மின்தடைக்கு மிஞ்சும் வோல்ட் குறைகிறது, அதனால் மின்னோட்டம் குறைகிறது, அதனால் நிறையும் வேகம் குறைகிறது. இந்த ஒரு வாக்கியத்தை வகையீட்டுச் சமன்பாடாக எழுதினால் அதுதான் கணக்கு. இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

தனி நுண்கணிதத்துக்கு நான் நம்பியது டெஸ்மோஸ் வரைபடக் கருவியும், கணக்கைத் தட்டினால் விடை தரும் இணையத்தளமாக 2009-இல் வந்த வுல்ஃப்ராம் ஆல்ஃபாவும். இரண்டாவதில் விடை இலவசம், படிப்படியான வழி முழுதாக வேண்டும் என்றால் சந்தா கட்டவேண்டும். நான் கட்டவில்லை, தேவைப்படவும் இல்லை. ஏனென்றால் விடையைச் சரிபார்க்க மட்டும்தான் அதைப் பயன்படுத்தினேன், அதுவும் என் விடையை எழுதி முடித்த பிறகு. ஒரு இடத்தில் மட்டும் பயந்துபோனேன். சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிட்டால் எனக்கு வந்தது சைன் வர்க்கத்தில் பாதி. புத்தகத்தின் பின்பக்க விடை, கழித்தல் காஸ் வர்க்கத்தில் பாதி. பக்கத்து நண்பருக்கு வந்தது கழித்தல் காஸ் இரண்டு எக்ஸில் கால் பங்கு. ஒரு மணி நேரம் தப்பைத் தேடினேன். மூன்றையும் டெஸ்மோஸில் போட்டதும் ஒரே வளைகோடு மூன்று உயரத்தில் வந்து நின்றது. சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் 1, ஆகவே என் விடைக்கும் புத்தக விடைக்கும் வித்தியாசம் வெறும் அரை, அது தொகையீட்டு மாறிலிக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றுமே சரி. எழுத மறந்தால் மதிப்பெண் போகும் என்பதற்காக மட்டும் அந்த மாறிலியைக் கடைசியில் சேர்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தேன். விடை பொருந்தவில்லை என்றால் அழிக்காதீர்கள், வித்தியாசத்தை வரைந்து பாருங்கள்.

ஏணிக் கணக்குக்கு மட்டும் எந்தக் கருவியும் உதவவில்லை. 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது, அடி சுவரை விட்டு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, அடி 3 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது நுனி எவ்வளவு வேகமாக இறங்கும்? நான் 3-ஐ முதலிலேயே போட்டுவிட்டு வகையிடுவேன், மாறிலியாகிவிட்ட எண்ணுக்கு வகையீடு பூஜ்யம், கணக்கு செத்துப்போகும். முதலில் வகையிட்டு அப்புறம் எண்ணைப் போட்டால் விநாடிக்கு 0.75 மீட்டர் கிடைக்கும். கருவியிடம் எதைக் கேட்கவேண்டும் என்று தெரிவதற்குள்ளேயே நான் தவறிவிட்டதால் கருவியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கே உதவியது லாமர் பல்கலைக்கழகத்துப் பால் டாக்கின்ஸ் இணையத்தில் வைத்திருக்கும் கணிதக் குறிப்புகள். அலங்காரமே இல்லாத பக்கங்கள், ஆனால் மாணவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்து எழுதியவை. கான் அகாடமியும் நன்றாகவே இருக்கிறது, இலவசம், பயிற்சிகளில் ஒரு குறிப்பு கேட்டால் ஒரு படி மட்டும் திறக்கும், முழு விடையையும் மேலே கொட்டாது. மின்சுற்றுப் பகுப்பாய்வுக்கும் அங்கே தனிப் பகுதி உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துத் திறந்த பாடத்தளத்தில் பயிற்சித் தாள்களும் தேர்வுத் தாள்களும் நிறையக் கிடைக்கின்றன, பலவற்றுக்கு விடைகளோடு. ஹோம்வொர்க்குக்கு அது கொஞ்சம் கனம், தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கு நல்லது.

இயற்பியலில் எனக்கு உதவி தேவைப்பட்டது பெரும்பாலும் ஒரே இடத்தில், தனித்த பொருளின் விசைப்படம், அதாவது ஒரு பொருளை மட்டும் தனியே வரைந்து அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டுவது. கப்பியின் இரண்டு பக்கமும் 3 கிலோ, 2 கிலோ தொங்குகிற பழைய கணக்கில் கயிற்றின் இழுவிசை 29.4 நியூட்டன் என்று எழுதினேன், 3 கிலோவின் எடை அதுதானே என்று. மேடம் கேட்டது ஒன்றே ஒன்று, "மேலயும் 29.4, கீழயும் 29.4ன்னா அந்த 3 கிலோ எப்படிங்க இறங்கும்?" இழுவிசை இரண்டு எடைகளுக்கும் நடுவே, 19.6-க்கும் 29.4-க்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். போட்டால் 23.52 வருகிறது, முடுக்கம் 1.96. இரண்டு பக்கமும் ஒரே எடை என்றால் முடுக்கம் பூஜ்யம் ஆகிறதா, ஒரு பக்கம் எடையே இல்லை என்றால் 9.8 ஆகிறதா என்று சூத்திரத்தையே இழுத்துப் பார்க்கும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். இதற்கு டியூட்டர்கூட வேண்டாம், இந்த இரண்டு கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

ஏஐ சாட்பாட் பற்றிக் கேட்பீர்கள். எழுத்தில் உள்ள கணக்குக்குப் பரவாயில்லை, நுண்கணிதத்துக்கு நன்றாகவே இருந்தது. மின்சுற்றுப் படத்தை எடுத்து அனுப்பியபோதுதான் வம்பு. நான் பயன்படுத்திய ஒன்று பக்க இணைப்பைத் தொடரிணைப்பாகப் படித்துவிட்டு, அந்தத் தப்பான சுற்றுக்குச் சரியான கணக்கைக் கொஞ்சமும் தயங்காமல் போட்டுக் கொடுத்தது. அப்புறம் முனைகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்து, "அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் 4 ஓம், ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் 6 ஓம்" என்று எழுத்தாகவே கொடுக்கத் தொடங்கினேன், தவறு வெகுவாகக் குறைந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. என் முயற்சியை முழுதாக ஒட்டிவிட்டு, "விடை சொல்லாதே, முதலில் தப்பு வந்த வரி எது என்று மட்டும் சொல்" என்று கேட்பது. அப்படிக் கேட்டால் ஓரளவுக்கு அந்த மேடம் மாதிரி நடந்துகொள்ளும். கேட்காவிட்டால் சந்தாச் சேவைதான், இன்னும் வேகமாக. ஃபிசிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தில் ஹோம்வொர்க்கை அப்படியே போட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள், கருத்தளவில் எங்கே புரியவில்லை என்று கேட்டால்தான் நிற்கும். முதல்முறை மூடியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இரண்டாம்முறை நியாயமாக எழுதவேண்டும் என்று உட்கார்ந்தபோது, கேள்வியை எழுதி முடிக்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டது.

காசு செலவு செய்வதாக இருந்தால் அந்த மேடத்தைப் போன்ற ஒருவருக்குச் செய்வேன், வாரா வாரம் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கோடு போட்ட கணக்குகளோடு. மற்றதெல்லாம் இலவசமாகவே நடக்கும். பருவத்தின் கடைசி மாதத்தில் நான் பதிவு செய்தது ஒரே ஒரு மணி நேரம்தான், மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் கம்பிச்சுருளான மின்தூண்டிக்கு. சுவிட்சைத் திறந்த கணத்தில் அதன் மின்னழுத்தம் எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் எதிர் என்பதில் மறுபடியும் அந்தக் கழித்தல் குறிதான் இடித்தது. இந்த முறை அழிக்காமல், அம்புக்குறியோடு அப்படியே கொண்டுபோய்க் காட்டினேன்.